எண்ணூறு மீற்றரில் மூன்று பெண்கள்

‘வறுமையை வென்ற வீராங்கனை’ என்ற தலைப்புக்கு நமது பத்திரிகைகளில் ஓய்வே கிடையாது. மாகாண மட்டத்தில் வெண்கலம் என்றாலும் சரி, ஆசிய மட்டத்தில் தங்கம் என்றாலும் சரி, செய்தியின் அச்சு ஒன்றுதான். ஓலைக் கூரை, கூலிக்குப் போகும் தாய், கிழிந்த சப்பாத்து, கைகொடுக்காத ஊர், கடைசியில் கழுத்தில் பதக்கம். படிக்கிறவர் கண் கலங்கிவிடும். பிறகு பிரதேச செயலகத்தில் ஒரு பாராட்டு விழா, ஒரு பொன்னாடை, ஒரு நினைவுச் சின்னம். அதோடு ஊரின் கடன் தீர்ந்துவிடுகிறது.

இந்தக் கதைகள் பொய் என்று நான் சொல்லவரவில்லை. கஷ்டம் உண்மை; கண்ணீர் உண்மை. ஆனால் கதை சொல்லாமல் சொல்லும் ஒரு வாதம் இருக்கிறது. கஷ்டமே அவளை வீராங்கனையாக்கியது என்பது அந்த வாதம். அதை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம், அம்பாறைக் கரையோரத்தில் தம்பிலுவில் முதல் கல்முனை வரை கஷ்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாதம் சரியென்றால் இந்தக் கரை இந்நேரம் ஆசியாவுக்கே வீராங்கனைகளை அனுப்பியிருக்க வேண்டும்.

நிறுப்பதற்கு ஒத்த பொருள்கள் வேண்டும். பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் அதைத் தருகிறது. கோல் வேண்டாம், மெத்தை வேண்டாம், படகோ துப்பாக்கியோ வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளை எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம் அது. தெற்காசியாவின் கிராமத்துப் பெண்கள் மூவர் ஆசிய மட்டத்தில் அந்தத் தூரத்தை ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓடி முடித்திருக்கிறார்கள்.

முதலாமவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர். 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 2 நிமிடம் 03.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். அதன்பின் நடத்தப்பட்ட பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். தமிழ்நாட்டு அரசு பரிசாக 15 இலட்சம் ரூபாய் கொடுத்தது. அதைக் கொண்டு அவர் தன் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நிலையம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவரே சூளையில் நாட்கூலிக்குச் செங்கல் அறுக்கும் செய்தி வந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநராக வேலை கிடைத்தபோது 2016ஆம் ஆண்டாகிவிட்டது.

இரண்டாமவர் திருச்சிக்கு அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில், அதே டோஹாவில், ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 2 நிமிடம் 02.70 விநாடியில் தங்கம். அந்த வாரம் தமிழ்நாட்டின் செய்திகள் முழுவதும் அவருடைய சப்பாத்தும், மகளுக்குச் சாப்பாடு போதாமல் போய்விடக் கூடாது என்று மாட்டுத் தீவனம் தின்ற அவருடைய தகப்பனும்தான். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு காசோலை நீட்டின. ஊக்கமருந்துப் பரிசோதனை முடிவு அவருக்கு எதிராக வந்தது. தான் எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். 2020இல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, தங்கமும் போயிற்று.

மூன்றாமவர் தருஷி கருணாரத்ன. கண்டி மாவட்டத்து வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவியாக இருந்தவர். 2023 ஜூலையில் பாங்கொக்கில் 2 நிமிடம் 00.66 விநாடியில் ஆசிய சம்பியன். ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 2 நிமிடம் 03.20 விநாடியில் தங்கம். 2002க்குப் பிறகு அந்த விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் மெய்வல்லுநர் தங்கம் அது. அப்போது அவருக்கு வயது 18.

டோஹாவில் சாந்தி ஓடிய நேரத்துக்கும் ஹாங்சோவில் தருஷி ஓடிய நேரத்துக்கும் இடையில் ஒரு விநாடியின் நூற்றில் நான்கு பங்கு. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவு. ஒருவர் தேசத்தின் பிள்ளை ஆனார், மற்றவர் செங்கல் சுமந்தார்.

மூன்று வழக்குகளும் ஒன்றல்ல என்று யாரும் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. ஒன்று பாலின விதி, ஒன்று ஊக்கமருந்து, ஒன்று தெளிவான வெற்றி. மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் இங்கே ஒப்பிட வேண்டியது வெற்றியை அல்ல. சோதனை வந்த நேரத்தில் அவர்களுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதை ஒப்பிட வேண்டும். சாந்திக்கு எட்டாண்டுகள் கழித்து, 2014இல், ஒடிசாவின் டூட்டி சந்தும் உடலின் இயற்கைச் சுரப்பு காரணமாக ஒதுக்கப்பட்டார். இம்முறை இந்திய விளையாட்டு ஆணையம் பின்னால் நின்றது. வழக்கு சுவிற்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் உலக மெய்வல்லுநர் சங்கத்தின் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. டூட்டியும் நெசவாளர் வீட்டு ஏழைப் பெண்தான். அவருக்குச் சட்டத்தரணி இருந்தார். சாந்திக்கு ஒருவரும் இருக்கவில்லை.

கோமதியின் வழக்கு நமது கதை மரபுக்கு இன்னும் கசப்பான சோதனை. தீர்ப்பு வந்த அன்று, அவருடைய சப்பாத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஏழை என்பதற்காக ஊக்கமருந்து விதியைத் தளர்த்தச் சொல்ல முடியாது. அது அவரோடு ஓடித் தோற்ற பெண்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அவர் ஒரே இரவில் தெய்வமாக்கப்பட்டதும் மறுவருடமே மறக்கப்பட்டதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். நமக்கு அந்தப் பெண் வேண்டியிருக்கவில்லை. அவளுடைய கஷ்டம் வேண்டியிருந்தது. இன்னொன்றையும் அந்தச் செய்திகள் ஓரமாகவே சொல்லிப் போயின. கோமதி வருமான வரித் திணைக்களத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர். மாதச் சம்பளம் இருந்ததால்தான் முப்பது வயதிலும் அவரால் ஓட முடிந்தது. மாட்டுத் தீவனம் தலைப்பானது. சம்பளம் ஆகவில்லை.

தருஷிக்கு என்ன இருந்தது? வலல என்ற அந்த ஊர் கொழும்பும் அல்ல, கண்டி நகரமும் அல்ல. ஆனால் அந்தப் பாடசாலையில் சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுவிப்பாளர் வருடக்கணக்காக நடுத்தர ஓட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக உருவாக்கிவந்தார். முன்னே ஓடிய அக்காமார் இருந்தார்கள், பின்னே ஓடிய தங்கைமார் இருந்தார்கள். ஒரு பிள்ளையின் திறமையை நாட்டில் எங்கும் காணலாம். இந்த வரிசையை எங்கும் காண முடியாது.

நமது மொழிக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் 2016, 2017 ஆண்டுகளில் பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். போரில் நொறுங்கிய வலிகாமத்தில் இது நடந்தது. கஷ்டம்தான் காரணமென்றால் போர் நொறுக்கிய ஊர்களுக்கு வடக்கில் பஞ்சமில்லை; அங்கெல்லாம் ஏன் கோலூன்றிப் பாய்பவர்கள் தோன்றவில்லை? தெல்லிப்பழையிலும் பக்கத்து அளவெட்டியிலும் கோல் இருந்தது, விழுவதற்கு மெத்தை இருந்தது, விடாப்பிடியான பயிற்றுவிப்பாளர் இருந்தார். மெத்தை இல்லாமல் மன உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தர்ஜினி சிவலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனில் பிறந்தவர். உயரம் 208 சென்ரிமீற்றர். அந்த உயரத்துக்காக ஊரில் கேலி கேட்ட பிள்ளை 2009இலும் 2018இலும் இலங்கையை வலைப்பந்தில் ஆசிய சம்பியனாக்கிய அணியில் நின்றார். 2011 உலகக் கிண்ணத்தில் சிறந்த கோல் எய்பவர் என்ற பெயரையும் பெற்றார். எல்லோரும் எழுதியது உயரத்தைப் பற்றி. எழுதாமல் விட்டது வங்கியைப் பற்றி. கொழும்பில் வர்த்தக நிறுவனங்களுக்கிடையே வலைப்பந்துப் போட்டி ஒழுங்காக நடக்கிறது. அதற்காக வங்கிகள் வீராங்கனைகளை வேலைக்கு எடுக்கின்றன. தர்ஜினிக்குச் செலான் வங்கியில் வேலையும் அதன் அணியில் இடமும் கிடைத்தன. உயரம் கடவுள் கொடுத்தது. வருடக்கணக்காக விளையாட வைத்தது மாத முடிவில் வந்த சம்பளம்.

பதக்கம் வென்ற பிறகாவது கவலை தீர்கிறதா என்றால் அதுவும் இல்லை. சிட்னி 2000 ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் வெண்கலம் வென்று, முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்டபின் வெள்ளிக்கு உயர்த்தப்பட்ட சுசந்திகா ஜயசிங்க, 2017இல் அந்தப் பதக்கத்தை விற்கப்போவதாக அறிவித்தார். விளையாட்டு அமைச்சு கொடுத்துவந்த மாதம் 60,000 ரூபாய் நின்றுபோனதுதான் காரணம். ஒலிம்பிக் பதக்கக்காரியின் நிலை இதுவென்றால் மாகாணப் பதக்கக்காரியின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நம்முடைய கரைக்கு வருவோம். பொத்துவில், திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி ஒரே வீதியில் கோத்துக் கிடக்கின்றன. எந்தப் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போனாலும் ஆறாம் ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பறப்பதைப் பார்க்கலாம். அதே பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பில் தேடினால் பாதிப் பேர் கூடாரத்துக்குள் பார்வையாளராக உட்கார்ந்திருப்பார்கள். உயர்தரத்தில் ஒருத்தியோ இருவரோ. அதற்குப் பிறகு ஒருத்தியும் இல்லை.

ஏன் என்று கேட்டால் ஊரில் இரண்டு விடைகள் தயாராக இருக்கும். பிள்ளைக்கு மன உறுதி போதாது என்பது ஒன்று. பண்பாடும் மார்க்கமும் விடாது என்பது மற்றது. முதல் விடையை மேலே சொன்னவை தீர்த்துவிட்டன. இரண்டாவதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

சாந்தி வெள்ளி வென்ற அதே 2006 டோஹாவில் பெண்களுக்கான 200 மீற்றரில் தங்கம் வென்றவர் பஹ்ரைனின் ருகையா அல்-கஸ்ரா. தலை முதல் கால் வரை மூடி ஓடினார். சுசந்திகாவும் அந்த விழாவில் பதக்கம் வாங்கினார். உடை கால்களைத் தடுக்கவில்லை என்பது அன்றே நிரூபணமாயிற்று. உடையைச் சொல்லி முஸ்லிம் பெண்களை வெளியே நிறுத்தியவர்கள் பல வேளைகளில் சங்கங்களே. உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதி காரணமாக 2011இல் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் விளையாட முடியாமல் அழுதுகொண்டு திரும்பியது; அந்த விதி 2014இல்தான் மாறியது. கூடைப்பந்துச் சம்மேளனம் 2017 வரை இழுத்தது. மார்க்கம் தடுத்தது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கதவைப் பூட்டியிருந்தவர்கள் சுவிற்சர்லாந்தில் இருந்தார்கள்.

அதற்காக ஊர்களை விடுவித்துவிட மாட்டேன். பருவமடைந்த பிள்ளையைத் திறந்த மைதானத்தில் ஓடவிடத் தயங்கும் வீடு முஸ்லிம் ஊரிலும் உண்டு, தமிழ் ஊரிலும் உண்டு. கல்முனையைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தம்பிலுவில் தப்பிக்கொள்ள முடியாது. ஆனால் அந்தத் தயக்கத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மைதானத்துக்கு மதில் இல்லை, உடை மாற்ற அறை இல்லை, கழிப்பறை இல்லை, பின்னேரம் முழுவதும் ஆண்களின் கிரிக்கெட். பயிற்றுவிப்பாளர் ஆண். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கூடவர ஆசிரியை இல்லை, வந்தாலும் இரவு திரும்ப வாகனம் இல்லை. இந்த நிலைமையில் ஒரு தாய் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மார்க்கம் என்று பெயர் வைப்பது வசதியானது. மதில் கட்ட வேண்டியவர் தப்பித்துக்கொள்கிறார். நல்ல மதிலும் ஓர் ஆசிரியையும் உள்ள மகளிர் பாடசாலைகளுக்குள் இதே ஊர்ப் பிள்ளைகள் வலைப்பந்தும் எறிபந்தும் விளையாடத்தான் செய்கிறார்கள். தாய்மாரும் வந்திருந்து கைதட்டுகிறார்கள்.

ஆகவே பண்பாட்டுத் தடை என்பதில் பெரும் பகுதி கட்டடத் தடை, நேரத் தடை, ஆளணித் தடை. மிஞ்சுவது உண்மையான பண்பாட்டுத் தடை. அதற்கு ஊர்ப் பெரியவர்களும் பள்ளிவாசல் நிர்வாகமும் கோவில் நிர்வாகமும் பதில் சொல்லட்டும்.

உயர்தரத்துக்குப் பிந்திய பள்ளம் இதைவிட ஆழமானது. அதைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை. இலங்கையில் பாடசாலை விட்டபின் ஒருவர் மெய்வல்லுநராகத் தொடர்வதற்கு முக்கிய வழி முப்படை. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகளே தேசியப் போட்டிகளை நிறைக்கின்றன. சாப்பாடு, தங்குமிடம், பயிற்றுவிப்பாளர், ஓடுதளம், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். கென்யாவிலும் ஓட்டக்காரர்கள் பொலிஸிலும் படையிலும் சிறைச்சாலைத் திணைக்களத்திலும் சம்பளம் வாங்கித்தான் ஓடுகிறார்கள். வெறும் மலைக்காற்று குடித்து அல்ல. ஆனால் நமது கரையின் தமிழ், முஸ்லிம் வீடுகளிலிருந்து ஒரு பெண் பிள்ளை படையில் சேர்வாளா? சேர வேண்டும் என்று கேட்பதற்கும், இந்த நாட்டின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், யாருக்கும் வாய் வராது. அடுத்த வழி கொழும்பு வங்கிகள். அது வலைப்பந்துக்கு உண்டு. 800 மீற்றருக்கு இல்லை. வாசல் இரண்டுமே இல்லாத பிள்ளை எவ்வளவு கஷ்டத்தை வென்றும் என்ன பயன்? வென்ற இடத்தில் நிற்க நிலம் இல்லை.

இதில் தருஷியும் எச்சரிக்கை. பாடசாலை மாணவியாக ஆசியாவை வென்றவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதற்கட்டத்தைத் தாண்டவில்லை. ஒரு தோல்வியை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். என்றாலும் சிறந்த பாடசாலையின் தோளும் பாடசாலைக் காலம் வரைக்குமே தாங்கும்.

பதக்கத்தைத் தாண்டியும் ஒரு கணக்கு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பலிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மறு ஆண்டு ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை, நீச்சலும் மரமேறுதலும் இலங்கையில் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே கற்பிக்கப்படுகின்றன என்றும், பெண்கள் அதிகம் மாண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் சுட்டியது. இருபது வருடம் தாண்டிவிட்டது. தம்பிலுவில் கடற்கரையில் நீந்தப் பழகும் ஒரு பெண் பிள்ளையைக் காண்பது இன்றும் அரிது. விளையாட்டு நமக்குப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது யோசிக்கலாம்.

ஆண் பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைக்கிறது என்றும் இல்லை. 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். ஊர் வீதிக்கு வந்தது. ‘தாங்கிக்கொண்டு ஓடு’ என்பதே பயிற்சியாக இருக்கும் இடத்தில் உடல் விலை கொடுக்கிறது. கஷ்டத்தைப் புகழ்வதில் உள்ள ஆபத்து இதுவும்தான். தண்ணீரும் நிழலும் முதலுதவியும் கேட்கிற பிள்ளை அங்கே பலவீனமான பிள்ளையாகிவிடுகிறது.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ‘தடைகளைத் தாண்டிய வீராங்கனை’ என்ற கதை தனி மனுசியின் வாழ்க்கை வரலாறாகச் செல்லும். காரணம் கூறும் விளக்கமாகச் செல்லாது. தாண்டிய ஒருத்தியைக் காட்டி, தாண்டாத தொண்ணூற்றொன்பது பேரைக் குற்றவாளியாக்குகிறது. தடையை வைத்தவரை விட்டுவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை ஒரு பிள்ளையைத் தொடர்ந்து ஓடவைத்தவை மூன்றே பொருள்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் பயிற்றுவிப்பாளர், அச்சமில்லாமல் போய்வரக்கூடிய மைதானம், பாடசாலை விட்டபின் மாதச் சம்பளம். மூன்றில் ஒன்றுகூட மன உறுதியால் கிடைப்பதல்ல.

இவற்றில் இரண்டை இந்தக் கரையிலேயே செய்யலாம். கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கல்முனைச் சந்தாங்கேணி மைதானம் போன்ற பொது மைதானங்களில் வாரத்துக்கு மூன்று பின்னேரங்களைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க மாநகர சபைக்கு ஒரு தீர்மானம் போதும். திருக்கோவில் பிரதேச சபைக்கும் அப்படியே. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மைதானம் விடுமுறை நாட்களில் சுற்றியுள்ள பாடசாலைகளின் பெண் பிள்ளைகளுக்குத் திறக்கப்படலாம். ஓடிப் பழகிய பெண்கள் இந்த ஊர்களில் ஆசிரியைகளாகவும் தாய்மாராகவும் இருக்கிறார்கள். அவர்களில் நாலு பேருக்குக் கொடுப்பனவு கொடுத்துப் பயிற்றுவிப்பாளராக்க ஒரு பாராட்டு விழாவின் செலவு ஆகாது.

அடுத்த முறை நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி பதக்கத்தோடு வந்தால், நிருபர்மாரே, அவளுடைய வீட்டுக் கூரையைப் படம் பிடிக்குமுன் அவள் எந்த மைதானத்தில், யாரிடம், எத்தனை மணிக்குப் பயிற்சி செய்தாள் என்று கேட்டு எழுதுங்கள். அந்த மைதானத்தில் அவளுக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதையும் எண்ணி எழுதுங்கள்.